மகள் அழுதுகொண்டே படிக்கும் கதைகள்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை வந்து உட்கார்ந்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, ராத்திரி ஒரு மணி வரைக்கும் தேவதைக் கதை படிச்சிட்டு அழுவுது." நீட் பயிற்சிக்குப் பணம் கட்டியாகிவிட்டது, பிள்ளையின் மனசு வேறெங்கோ இருக்கிறது என்ற தவிப்பு உங்கள் குரலில் இருந்தது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நீங்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்த இருபது நிமிடத்தில் உங்கள் மகள் என்னிடம் நிறையப் பேசினாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

"உனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு சொல்லேன்" என்றேன். ஓஷீன் கதையைச் சொன்னாள். அயர்லாந்தின் பழங்கதை. ஓஷீன் ஒரு வீரன். மேற்குக் கடலிலிருந்து வெள்ளைக் குதிரையில் நீயவ் என்ற பெண் வந்து, முதுமையே இல்லாத நாட்டுக்கு அவனைக் கூட்டிப்போகிறாள். அங்கே மூன்று வருடம் சுகமாக இருக்கிறான். அப்புறம் அப்பா ஞாபகம், கூட்டாளிகள் ஞாபகம். "போய் வா, ஆனால் குதிரையை விட்டு இறங்காதே" என்று சொல்லி நீயவ் அனுப்புகிறாள். வந்து பார்த்தால் இங்கே 300 வருடம் ஓடிவிட்டது. அப்பா இல்லை, கூட்டாளிகள் யாருமே இல்லை. வழியில் சிலர் ஒரு கல்லை நகர்த்த முடியாமல் திணறுகிறார்கள். அவன் குதிரையில் இருந்தபடியே குனிந்து கை கொடுக்கிறான். சேணத்தின் வார் அறுந்து தரையில் விழுகிறான். அந்த நொடியே கிழவனாகிவிடுகிறான்.

இங்கே நிறுத்திவிட்டு உங்கள் மகள் சொன்னாள்: "அவன் இறங்கவே இல்லை சார். உதவி பண்ணத்தான் குனிஞ்சான்."

பதினாறு வயதுப் பெண் ஒரு கதையின் மையத்தை இப்படி ஒரே வரியில் தொடுவது அடிக்கடி நடப்பதில்லை. கதை மொத்தமும் அந்த வாரில்தான் தொங்குகிறது என்பது அவளுக்குப் புரிந்திருக்கிறது.

இந்த வகைக் கதைகள் ஏன் இழுக்கின்றன என்று நீங்கள் கேட்டீர்கள். மந்திர வாள், டிராகன், பெரும்போர் என்று ஓடும் கதைகளிலிருந்து இவை வேறு. இவற்றில் பெரும்பாலும் வில்லன் கிடையாது. காலம்தான் எதிரி. அவள் இப்போது படித்துக்கொண்டிருப்பது டன்சேனி பிரபு என்ற ஐரிஷ் எழுத்தாளர் 1924-ல் எழுதிய நாவல். அதில் மனித இளவரசன் ஒருவன் மாய நாட்டு அரசனின் மகளை மணக்கிறான். அவளுக்கு இந்த உலகத்தின் வழக்கங்கள் கடைசிவரை பழகவில்லை. ஓர் இலையுதிர் காலத்தில், உதிர்ந்த இலைகள் காற்றில் போவதுபோல அவளும் போய்விடுகிறாள். தேடிப் போகிறவனுக்கு அந்த நாடே அகப்படவில்லை. கடல் உள்வாங்குவதுபோல எல்லை பின்னால் போய்விட்டது. மிச்சம் இருப்பது கல் நிறைந்த ஒரு வெட்டவெளிதான். வருடக்கணக்காகத் தேடுகிறான். அந்தி வெளிச்சத்தைச் சொல்லவே பத்தி பத்தியாக எடுத்துக்கொள்ளும் எழுத்து. அவசரப்படுகிறவர்கள் இதைப் பாதியில் வைத்துவிடுவார்கள். உங்கள் மகள் இரண்டாம் முறை படிக்கிறாள்.

இந்தச் சோகம் எழுத்தாளர்கள் உட்கார்ந்து கற்பனை செய்தது மட்டும் இல்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஐரிஷ் மரபில் மாய மக்கள் தோற்றுப்போன ஒரு பழைய இனம். புதிதாக வந்தவர்களிடம் நாட்டை இழந்து, மேடுகளுக்கு அடியில் போய்க் குடியிருக்கிறார்கள். வட்ட வடிவ மண்கரைகள் அயர்லாந்து முழுக்க நாற்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவற்றை அந்த மக்களின் வீடு என்று நினைத்து, கலப்பை படாமல் விட்ட விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அதன் மேல் 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் கப்பலேறினார்கள். ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதி ஏழைகள்தான் அதிகம் அடிபட்டார்கள். அதற்கு ஐம்பது வருடம் கழித்து ஐரிஷ் கவிஞர் யேட்ஸும் எழுத்தாளர் கிரெகரி அம்மையாரும் குடிசை குடிசையாகப் போய்க் கதை கேட்டபோது, சொன்னவர்களின் மொழியே ஒவ்வொரு வீடாக அணைந்துகொண்டிருந்தது. கைக்கு எட்டாமல் பின்வாங்கும் மாய நாடு என்ற எண்ணம் அந்த மண்ணில் அவ்வளவு ஆழமாக ஊறியதற்கு இதுவும் காரணம் என்று நான் நம்புகிறேன்.

(இன்னொரு செய்தி, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். யேட்ஸ் காலத்து அந்த இலக்கியக் கூட்டத்தில் இருந்த ஜேம்ஸ் கசின்ஸ் என்ற கவிஞர் 1915-ல் சென்னை அடையாறுக்கு வந்தார். பிறகு மதனப்பள்ளியில் கல்லூரி முதல்வராகவும் இருந்தார். இதை மகளிடம் சொன்னேன். உடனே எழுதிக்கொண்டாள்.)

எழுதிக்கொண்டாள் என்றேனே, அந்த நோட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உயிரியல் ரெக்கார்டுக்கு அடியில் இருந்த நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் ஐரிஷ் பெயர்களின் எழுத்து, வலப்பக்கம் தமிழில் உச்சரிப்பு. நீயவ் என்ற பெயரின் கடைசியில் எம், ஹெச் என்ற இரண்டு எழுத்து நிற்கிறது. இரண்டும் சேர்ந்து "வ்" ஆகிறது. ஏன் என்று அவளே தேடியிருக்கிறாள். ஐரிஷில் அம்மாவுக்கு உரிய சொல் "ம" ஒலியில் தொடங்கும். முன்னால் "என்" என்ற சொல் வந்தால் அந்த "ம", "வ" ஆகிவிடும். எழுத்தில் ஒரு ஹெச் சேர்த்து அதைக் காட்டுகிறார்கள். இதற்குக் கீழே பென்சிலால் ஒரு குறிப்பு: "நாமும் பகல் என்று எழுதுகிறோம், க-வை ஹ மாதிரிச் சொல்கிறோம். நாம் எழுத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள்."

ஐயா, இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மொழியியல் படிப்பவர்கள் முதல் வருடத்தில் கற்கும் விஷயம் இது. கதைப் புத்தகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டோம், பக்கத்திலேயே இருந்த நோட்டைப் பார்க்காமல் விட்டோம்.

அதனால் என் ஆலோசனை, புத்தகத்தைப் பிடுங்காதீர்கள் என்பது. நேரத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம்; பத்தரை மணிக்கு விளக்கணைக்க வேண்டும் என்று அவளே ஒத்துக்கொண்டாள். அழுகையைப் பற்றியும் கேட்டேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், தோழிகளோடு பேசுகிறாள், காலாண்டு மதிப்பெண் இறங்கவில்லை. சோகக் கதை படித்து அழுகிற பிள்ளைக்கும் சோகத்தில் மூழ்கிய பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கிறது. தூக்கமே வராமல் போனாலோ, தோழிகளை ஒதுக்கினாலோ, எதிலும் பிடிப்பில்லை என்று சொன்னாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் பேசலாம். இப்போதைக்கு அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். நீட்டை உடனே விட்டுவிடச் சொல்லவில்லை. அவளுக்கு விருப்பம் இருக்கிறதா என்று நீங்கள் இதுவரை நேராகக் கேட்டதில்லை என்றாள். இந்த வாரம் கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்ட பிறகு பேசுங்கள்.

மொழியியல்தான் அவளுக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. பி.ஏ. ஆங்கிலமோ தமிழோ படித்துவிட்டு எம்.ஏ. மொழியியலுக்குப் போகலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் நாடறிந்தது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியலும் மொழிபெயர்ப்பும் சேர்ந்த மையம் இருக்கிறது. மைசூரில் 1969-லிருந்து இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இந்தத் துறையின் பெரிய ஆராய்ச்சி நிறுவனம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளங்கலை சேர கியூட் தேர்வு எழுத வேண்டும். அதில் மொழிப் பகுதி பெரும்பாலும் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வதுதான். நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தை மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு அது பாரமாக இருக்காது.

வேலை இருக்குமா என்று கேட்பீர்கள். ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, பதிப்பகத்தில் எடிட்டர் வேலை எப்போதும் உண்டு. சம்பளம் ஆரம்பத்தில் குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். இன்னொரு பக்கம், கணினியைத் தமிழ் பேசவும் கேட்கவும் வைக்கும் வேலைக்கு மொழியின் ஒலியும் இலக்கணமும் தெரிந்த ஆட்கள் தேவைப்படுகிறார்கள். மத்திய அரசின் பாஷிணித் திட்டமே இந்திய மொழிகளுக்கான அந்த வேலைக்காகத் தொடங்கியதுதான். மொழியியலோடு கொஞ்சம் பைத்தான் நிரலாக்கமும் தெரிந்தால் கதவு பெரிதாகத் திறக்கும். முதல் குரூப் மாணவி, கணக்கு வருகிறது. அதை விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

ஓவியம், அனிமேஷன் பக்கம் அவளுக்கு நாட்டம் தெரியவில்லை. இருந்திருந்தால் அயர்லாந்தின் கில்கென்னி என்ற சிறு ஊரில் 1999-ல் தொடங்கி, இதே பழங்கதைகளைப் படமாக்கி ஆஸ்கர் பரிந்துரை வரை போன கார்ட்டூன் சலூன் என்ற அனிமேஷன் நிறுவனத்தைப் பற்றி நீளமாக எழுதியிருப்பேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் நிலத்தை அடகு வைத்து அயர்லாந்துக்கோ ஸ்காட்லாந்துக்கோ அனுப்ப வேண்டாம். எந்த ஏஜென்ட் வந்து சொன்னாலும் வேண்டாம். இளங்கலையை இங்கே முடிக்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மிகுபுனைவு (ஃபேன்டஸி) இலக்கியத்துக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. அயர்லாந்து அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு வருடக் கட்டணத்தை விலக்கி, 10,000 யூரோ கொடுக்கும் உதவித்தொகை ஒன்றும் இருக்கிறது. போட்டி கடுமை. கிடைத்தால் போகட்டும், கிடைக்காவிட்டால் கடன் வாங்கிப் போகிற படிப்பு இது இல்லை.

இப்போதைக்கு, காசு செலவில்லாமல் அவள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 1937-லிருந்து 1939 வரை அயர்லாந்தில் சுமார் ஐந்தாயிரம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பெரும்பாலும் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள். வீட்டுக்குப் போய்த் தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கதை கேட்டு நோட்டில் எழுதிவர வேண்டும். ஐம்பதாயிரம் பிள்ளைகள் எழுதிக் குவித்தார்கள். மொத்தம் ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பக்கம். இன்று அது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பில் இருக்கிறது. தூகஸ் என்ற இணையதளத்தில் அந்தப் பிள்ளைகளின் கையெழுத்தையே பக்கம் பக்கமாக இலவசமாகப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவையும் ஏராளம். அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்துதரத் தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் விடுமுறையில் வாரம் இரண்டு பக்கம் செய்யட்டும். பிடிக்கிறதா, அலுக்கிறதா என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அலுத்துவிட்டால் அதுவும் நமக்கு ஒரு தகவல்தான், வேறு பக்கம் பார்ப்போம்.

அவளுடைய அப்பத்தா உங்களோடுதான் இருக்கிறார் என்றீர்கள். அவர் சொல்லும் கதைகளை அதே நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, பேச்சுத் தமிழிலேயே. இரவு ஒன்பது மணிக்குமேல் அப்பத்தாவும் பேத்தியும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் "படிக்கலையா" என்று கேட்டுவிடாதீர்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. மூன்று பேருமாக வாருங்கள், அம்மாவையும் அழைத்துவாருங்கள். நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகளின் ஆலோசகர்