புகாருக்கு ஆளான வேட்பாளரோடு கட்சி நிற்க வேண்டுமா?

கேள்வி இதுதான்: தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் மீது பெரிய புகார் கிளம்பினால், கட்சி அவரோடு நிற்க வேண்டுமா, ஆளை மாற்ற வேண்டுமா?

புகார் கொடுத்தவர் அதே தொகுதியில் குடியிருக்கும் சாதாரண ஆள் என்றால் மாற்றத்தான் வேண்டும். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வேறு வகைப் புகார்களில் யோசிக்க இடம் உண்டு. அதையும் கீழே சொல்கிறேன்.

தொலைக்காட்சி விவாதமானாலும் டீக்கடைப் பேச்சானாலும், இது வேட்பாளருக்கும் கட்சிக்கும் இடையிலான விஷயமாகவே பேசப்படுகிறது. இவர் குற்றவாளியா இல்லையா, இவரை வைத்துக்கொண்டால் ஜெயிப்போமா தோற்போமா என்ற இரண்டே கேள்விகள். புகார் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறாரே, அவர் என்ன ஆவார் என்று யாரும் கேட்பதில்லை. கட்சி தன் சின்னத்தைக் கொடுக்கிற அன்றைக்கே அவருடைய புகாருக்கு மதிப்புப் பாதியாகிவிடுகிறது. நாளைக்கு எம்எல்ஏவாகவோ கவுன்சிலராகவோ வரப்போகிறவர் மேல் எந்தக் காவல் நிலையம் வேகமாக விசாரணை நடத்தும்? எந்தச் சாட்சி துணிந்து வந்து பேசுவார்?

இதை எங்கள் ஊரில் நேரில் பார்த்தேன். தாமிரபரணிக் கரையில் ஒரு பேரூராட்சி. பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கூலியில் மிச்சம் பிடித்து ஏலச்சீட்டு கட்டுவது இங்கே வழக்கம். மகள் கல்யாணம், பையன் படிப்பு, வீட்டுக்குக் கான்கிரீட் போடுவது எல்லாமே அந்தப் பணத்தில்தான். சீட்டு நடத்திய ஒருவர் பல பெண்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர்கள் சேர்ந்து போய்க் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் அந்த மனிதருக்கே எங்கள் வார்டில் கட்சிச் சின்னம் கிடைத்தது. எந்தக் கட்சி என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

என் பெரியப்பா அப்போது அந்தக் கட்சியின் வார்டு செயலாளர். சின்ன வயதில் இருந்தே கொடி கட்டி, சுவர் எழுதி வளர்ந்தவர். நேராகப் பேரூர் செயலாளர் வீட்டுக்குப் போனார். "அண்ணாச்சி, நம்ம தெருப் பொம்பளையளே ரூவாயக் குடுத்துட்டு நிக்காவ. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவிய வீட்டு நடையில போயி நிப்பேன்?" என்று கேட்டார். "கேசுதான போட்டிருக்கு, தீர்ப்பா சொல்லிட்டாவ? எலெக்சன் முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்று பதில் வந்தது.

பிரச்சாரத்தின்போது ஒரு சாயங்காலம் அந்த வேட்பாளர் பீடிக் கடைக்கு வந்தார். அன்றைக்குச் சுற்றிய பீடியை ஒப்படைக்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர் கும்பிட்டுக்கொண்டே போக, வரிசையில் நின்ற ஓர் ஆச்சி கேட்டார்: "ஐயா, எம் பேத்தி கல்யாணத்துக்குச் சேத்த ரூவாய்யா அது. ஓட்டு ஒனக்கே போடுதேன். ரூவாய எப்பத் தருவ?" கூட வந்தவர்கள் ஆச்சியை ஓரமாக நகர்த்திவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அவர் ஜெயித்தார். கட்சி எடுத்த முடிவு சரிதான் என்று அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. புகார் கொடுத்த பெண்கள் ஒவ்வொருவராகப் பாதிப் பணத்துக்குச் சமாதானம் ஆனார்கள். முழுப் பணமும் பெற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் மிரட்டியதாக நான் கேள்விப்படவில்லை. மிரட்டவே வேண்டியதில்லை. குழாய் இணைப்புக்கும், வாறுகால் அடைத்தாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் இனி அவரிடம்தானே போய் நிற்க வேண்டும்! கட்சி அவருக்குக் கொடுத்தது வெறும் சீட்டு இல்லை, புகார் கொடுத்தவர்கள் மேல் அதிகாரம்.

"குற்றம் நிரூபிக்கப்படும்வரை எல்லோரும் நிரபராதிதானே" என்பார்கள். உண்மைதான். ஆனால் அது ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் முன் நீதிமன்றம் பார்க்க வேண்டிய விதி. கட்சி சீட்டு யாருக்கும் பிறப்புரிமை இல்லை. ஒரு தொகுதிக்கு விருப்ப மனு கொடுப்பவர்கள் எத்தனை பேர்! நேர்காணல் முடிந்து ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. மற்ற எல்லோரும் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமலேதான் வீட்டுக்குப் போகிறார்கள். சாதி சரியில்லை, செலவு செய்யப் பணம் இல்லை, மாவட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்று எவ்வளவோ காரணங்களுக்காக ஒதுக்கப்படுகிறார்கள். பெண்கள் கொடுத்த புகார் மட்டும் எப்படிப் போதாத காரணம் ஆகும்?

சட்டமும் இதைக் கட்சியின் பொறுப்பு என்றே சொல்கிறது. 2002-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் இருந்துதான் வேட்பாளர்கள் தங்கள் மேல் உள்ள வழக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் காட்டுகிறார்கள். 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது. அதன்படி இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றால் மேல்முறையீட்டைக் காரணம் காட்டிப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. 2020 பிப்ரவரி 13 உத்தரவு இன்னும் நேரடியானது. வழக்கு உள்ளவரை நிறுத்தினால் ஏன் நிறுத்துகிறோம், வழக்கு இல்லாத ஒருவரை ஏன் நிறுத்த முடியவில்லை என்று கட்சி நாளிதழிலும் தன் இணையதளத்திலும் விளக்க வேண்டும். ஆளைத் தேர்வு செய்த 48 மணி நேரத்துக்குள் வெளியிட வேண்டும். "வெற்றி வாய்ப்பு உள்ளவர்" என்பது மட்டுமே காரணமாக இருக்கக் கூடாது என்று நீதிமன்றமே எழுதியிருக்கிறது. பீகார் தேர்தலில் இதைச் சரியாகப் பின்பற்றாத கட்சிகளுக்கு 2021 ஆகஸ்டில் அபராதமும் விழுந்தது. அப்படியும் "மக்கள் செல்வாக்கு உள்ளவர், சமூக சேவை செய்பவர்" என்ற ரகத்தில் ஒரு வரியைப் போட்டுவிட்டுப் போகிற வழக்கம் தொடர்கிறது. எதிர்த்துக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்ற துணிச்சல்தான்.

சரி, மாற்ற நேரம் இருக்குமா? கட்சி வேட்பாளர் என்பதற்கான ஏ, பி படிவங்களை மனுத் தாக்கல் கடைசி நாள் மாலை 3 மணிக்குள் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் பழைய படிவத்தை ரத்து செய்து வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். மாற்று வேட்பாளர் ஒருவரையும் மனுச் செய்ய வைப்பது இதுபோன்ற நேரத்துக்காகத்தான். நம் திருநெல்வேலி மக்களவைத் தொகுதியிலேயே 2024-ல் அதிமுக முதலில் சிம்லா முத்துச்சோழனை அறிவித்துவிட்டு, பிறகு திசையன்விளை பேரூராட்சித் தலைவர் ஜான்சி ராணியை நிறுத்தியது. அங்கே புகார் எதுவும் இல்லை. நினைத்தால் மாற்ற முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கடைசி நாள் தாண்டிவிட்டால் கதை வேறு. அதே தேர்தலில் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30. ஏப்ரல் 6 இரவு தாம்பரத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 4 கோடி ரூபாய் பிடிபட்டது. பாஜக வேட்பாளர் நயினார் நாகேந்திரனின் பெயர் அதில் அடிபட்டது. அது தன் பணம் இல்லை என்று அவர் மறுத்தார். கட்சி அவரோடு நின்றது. அந்தத் தேதியில் மாற்ற நினைத்திருந்தாலும் வாக்கு இயந்திரத்தில் இருந்து பெயரை எடுத்திருக்க முடியாது. காங்கிரஸின் ராபர்ட் புரூஸ் 1,65,620 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். நயினார் அடுத்த ஆண்டே மாநிலத் தலைவரானார். வேலூரில் 2019-ல் பணம் பிடிபட்டுத் தேர்தலே ரத்தானபோது திமுகவுக்கு மாற்ற மூன்று மாதத்துக்கு மேல் நேரம் இருந்தது. குற்றச்சாட்டை மறுத்த கதிர் ஆனந்தையே திரும்ப நிறுத்தி, ஆகஸ்டில் 8,141 வாக்கில் ஜெயித்தார்கள். ஆக, இதில் எந்தக் கட்சியும் மற்றதைப் பார்த்து விரல் நீட்ட முடியாது.

இப்படிப் பணம் பிடிபட்ட வழக்குகளில் கட்சி பொறுத்துப் பார்ப்பதை என்னால் ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. விசாரிப்பது அரசுத் துறைகள். அவற்றுக்குத் தங்களைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். கர்நாடகத்தின் ஹாசன் தொகுதியில் நடந்தது அப்படி இல்லை. அங்கே வேட்பாளராக நின்ற, முன்னாள் பிரதமர் தேவகவுடாவின் பேரன் பிரஜ்வல் ரேவண்ணா பற்றிய பாலியல் வன்கொடுமைக் காணொளிகள் வாக்குப்பதிவுக்கு முன்பே பென்டிரைவில் ஊரெல்லாம் சுற்றின. 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவு. மதச்சார்பற்ற ஜனதா தளம் அவரை இடைநீக்கம் செய்தது ஏப்ரல் 30. ஓட்டு முழுவதும் பெட்டிக்குள் போன பிறகு! அவர் தோற்றார். 2025 ஆகஸ்டில் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த வழக்கில் புகார் கொடுத்தவர் அவர்கள் குடும்பத்திடம் வேலை பார்த்த ஒரு பெண். நாட்டின் முன்னாள் பிரதமரின் வீட்டை எதிர்த்து நின்ற அந்த அம்மாவுக்குக் கட்சியின் நான்கு நாள் தாமதம் எப்படி இருந்திருக்கும்?

புகார் என்றவுடன் வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் அணுஉலையை எதிர்த்துப் போராடியவர்களில் ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு உட்படப் பல வழக்குகள் இருந்தன. அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2013 மே மாதம் சொன்னது. 2014-ல் சுப. உதயகுமார் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி வேட்பாளராக நின்றபோது அவர் மேல் நூற்றுக்கணக்கில் வழக்குகள். அவரோடு நின்ற கட்சியை யார் குறை சொல்ல முடியும்? 1908-ல் வ.உ.சிக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததும் இதே திருநெல்வேலியில் இருந்த நீதிமன்றம்தான். கடலையும் ஊரையும் காக்கத் தெருவில் உட்கார்ந்தவர் மேல் அரசு போடும் வழக்கையும், பீடி சுற்றும் பெண்ணின் பணத்தை வாங்கிக்கொண்டு தராதவர் மேல் வரும் வழக்கையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. முதலாவதில் கட்சி விட்டுக்கொடுக்காமல் நிற்க வேண்டும்.

பொய்ப் புகார்கள் வராதா? வரும். ஓட்டுப் போடுவதற்கு இரண்டு நாள் முன்பு ஒரு ஆடியோவைத் தயாரித்து வாட்ஸ்ஆப்பில் விடுவது இப்போது ரொம்பச் சுலபம். அதற்கெல்லாம் பயந்து ஆளை மாற்றினால் எதிர்க்கட்சிக்காரர் நம் வேட்பாளரை முடிவு செய்வதாக ஆகிவிடும். அதனால்தான் பெயரோடு, கையெழுத்தோடு, தேர்தலுக்கு முன்பே வந்த புகாரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்கிறேன். எங்கள் ஊர்ப் பெண்கள் கொடுத்தது அப்படிப்பட்ட புகார். கட்சியில் இருந்து ஒருவர்கூட அவர்களிடம் போய் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கட்சிகளுக்குள் அப்படி விசாரிக்க ஓர் ஏற்பாடும் இல்லை. பணியிடங்களில் பாலியல் புகார்களுக்குக் குழு கட்டாயம். ஆனால் தொண்டருக்கும் கட்சிக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை என்பதால் கட்சிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லிவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டால் என்ன? வெளியாள் ஒரு வழக்கறிஞர், ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை என்று மூன்று பேரை உட்கார வைத்து ஒரு வாரத்தில் விசாரிக்க எந்தக் கட்சிக்கு முடியாது?

நம் பக்கத்தில் சீட்டை மாற்றவிடாமல் தடுப்பது பெரும்பாலும் சாதி. "அந்தச் சமுதாயத்துக்கு ஒதுக்கின தொகுதி, அவரை எடுத்தால் மொத்தச் சமுதாயமும் கோபித்துக்கொள்ளும்" என்பார்கள். அதே சமுதாயத்தில் நல்ல பெயரோடு வேறு ஒருவர் இல்லையா என்ன? எங்கள் வார்டில் ஏமாந்த பெண்களில் பாதிப் பேர் அவருடைய சொந்தச் சமுதாயம்தான். அவர்கள் கோபத்தை யாரும் சமுதாயத்தின் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெற்றிக் கணக்கையும் பார்த்துவிடலாம். ராதாபுரத்தில் 2016 சட்டமன்றத் தேர்தல் வெறும் 49 வாக்கில் முடிந்தது. மறு எண்ணிக்கை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட தொகுதிகளில் மனம் வெறுத்து வீட்டிலேயே இருந்துவிடும் பத்துக் குடும்பம் போதும். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 2017 டிசம்பரில் செனட் இடைத்தேர்தல் நடந்தது. குடியரசுக் கட்சி வேட்பாளர் ராய் மூர் மேல் பல பெண்கள் பாலியல் புகார் சொன்னார்கள், அவர் மறுத்தார். கட்சியின் தேசியக் குழு முதலில் ஒதுங்கிவிட்டு, பிறகு மறுபடி ஆதரவு கொடுத்தது. அவர் 21,924 வாக்கில் தோற்றார். இரண்டு பேரும் வேண்டாம் என்று வேறு பெயரை எழுதிப் போட்டவர்கள் அதைவிட அதிகம். ஆனாலும் ஜெயித்தால்கூட நான் இதையேதான் சொல்வேன். எங்கள் வார்டில் ஜெயித்துத்தானே அந்தப் பெண்கள் பாதிப் பணத்தை இழந்தார்கள்.

மனுவைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகு புகார் வந்தால்? அப்போதும் கட்சி செய்ய வேண்டியவை இருக்கின்றன. தலைவர்கள் அந்த மேடைக்குப் போகாமல் இருக்கலாம். விசாரணை முடியும்வரை இவருக்குக் கட்சியில் எந்தப் பொறுப்பும் இல்லை, ஜெயித்து வந்தாலும் தலைவர் பதவிக்கோ நிலைக்குழுவுக்கோ பெயரைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். மனம் ஒப்பாத வார்டு செயலாளரை வீடு வீடாகப் போ என்று கட்டாயப்படுத்தாமல் வேறு வேலை கொடுக்கலாம். என் பெரியப்பா அதைத்தான் கேட்டார். கடைசியில் பக்கத்து வார்டில் பூத் சிலிப் கொடுக்கப் போனார். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தப் புகார் பற்றிக் காவல் நிலையத்துக்குக் கட்சிக்காரர் யாரும் போன் போடக் கூடாது என்று மாவட்டச் செயலாளர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வேண்டும். அதன் நகல் புகார் கொடுத்தவர் கையிலும் இருக்க வேண்டும்.