போல்ட் ரைபிளுக்குச் செய்த தோட்டாவை கராண்டில் போடலாமா?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். என் போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கிக்கு .30-06 அளவுத் தோட்டாக்களைப் பல வருடங்களாக வீட்டிலேயே ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்ட கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் போடுகிறேன். இப்போது அமெரிக்க ராணுவத்தின் தானாகத் தோட்டா ஏற்றும் ரைபிளான எம்1 கராண்ட், பழையது ஒன்று வாங்கியிருக்கிறேன். அளவு ஒன்றுதான் என்பதால், கைவசமுள்ள 200 தோட்டாக்களை இதிலும் சுடலாமா?

பதில்: வேண்டாம். அவை வேட்டைத் துப்பாக்கிக்கே இருக்கட்டும். கராண்டுக்குத் தனியாகச் செய்யுங்கள், தனிப் பெட்டியில் வையுங்கள், பெட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

போல்ட் ரைபிளில் போல்டை, அதாவது பின்பக்கத்தை மூடும் உலோக உருளையை, நகர்த்தித் தோட்டாவை உள்ளே தள்ளுவது உங்கள் கை. தோட்டாவின் பித்தளைக் கூடு கொஞ்சம் பெருத்திருந்தால் கைப்பிடி இறுகும், உடனே நிறுத்திவிடுவீர்கள். கராண்டில் அந்தக் கை இல்லை. ஒரு குண்டு வெளியேறியதும் வாயு, போல்டை நகர்த்தும் கம்பியான ஆபரேட்டிங் ராடைப் பின்னால் தள்ளுகிறது, பிறகு ஸ்பிரிங் போல்டை வேகமாக முன்னால் அறைகிறது. தோட்டா சரியாக இருக்கிறதா என்று அங்கே யாரும் தடவிப் பார்ப்பதில்லை. அந்தத் தடவிப் பார்க்கும் வேலை முழுவதையும் முன்கூட்டியே உங்கள் மேஜையில் முடித்துவிட வேண்டும்.

நான் முதலில் பார்ப்பது பிரைமரை, அதாவது கூட்டின் அடியில் இருக்கும், தட்டினால் தீப்பற்றும் சிறு கிண்ணத்தை. பிரைமரைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின்னைப் பின்னால் பிடித்து வைக்க கராண்டில் ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும்போது அதுவும் சேர்ந்து ஓடிவந்து பிரைமரை லேசாகத் தட்டும். சுடாமல் வெளியே எடுத்த தோட்டாவின் அடியைப் பாருங்கள், பிரைமரின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு சின்னக் குழி தெரியும். அது இயல்புதான். பிரைமர் சரியாக உட்காராமல் மேலே துருத்திக்கொண்டிருந்தால்தான் ஆபத்து. ட்ரிகரைத் தொடாமலேயே தோட்டா வெடித்துவிடலாம். இதை ‘ஸ்லாம்ஃபயர்’ என்பார்கள். போல்ட் முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொள்வதற்கு முன் அது நடந்தால் பித்தளைக் கூடு கிழிந்து, போல்ட் ஓடும் உடற்பகுதியான ரிசீவரே உடைந்து, துண்டுகள் முகத்தை நோக்கி வரும். அது நடக்காமல் இருக்கத்தான் ரிசீவரில் ஒரு பாலம் வைத்திருக்கிறார்கள். போல்ட் திரும்பும்வரை பின்னின் வாலை அது தடுத்து நிறுத்தும். ஆனால் உங்கள் துப்பாக்கிக்கு எழுபது, எண்பது வயது இருக்கும். பின்னின் வால் தேய்ந்திருக்கிறதா என்று கராண்ட் தெரிந்த ஒரு கன்ஸ்மித்திடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பிரைமர் கூட்டின் அடிமட்டத்தைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். கண்ணுக்கு இது தெரியாது, விரலுக்குத் தெரியும். ஒவ்வொரு கூட்டையும் கவிழ்த்து, ஆள்காட்டி விரல் நுனியால் அடியை ஒருமுறை தடவுங்கள். சரியாக உட்கார்ந்த பிரைமரின் மேல் விரல் சிறு பள்ளத்தில் இறங்கி ஏறும். துருத்தியிருந்தால் நுனியில் இடறும். ஒருமுறை ஐம்பது கூடுகளை இப்படித் தடவியபோது இரண்டு இடறின. இரண்டுமே ராணுவப் பித்தளை. அதில் பிரைமர் கழலாமல் இருக்க, அதைச் சுற்றி விளிம்பை அழுத்தி கிரிம்ப் அடித்திருப்பார்கள். அந்த விளிம்பை நான் முழுதாக நீக்காமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து தடவாமல் ஒரு கூட்டில்கூட வெடிமருந்து போட்டதில்லை. பிரைமரும் ராணுவத் தரத்தில் கடினமான கிண்ணம் கொண்டதாக இருக்கட்டும். சிசிஐ 34ஆம் எண் இதற்கென்றே வருவது. பிரைமரை மாற்றினால் பழைய மருந்தளவை அப்படியே வைக்காமல், குறைந்த அளவிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற்றுங்கள்.

அடுத்தது கூட்டின் அளவு. போல்ட் ரைபிளுக்குக் கழுத்தை மட்டும் சுருக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அந்தப் பித்தளை கராண்டுக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு முறையும் ஃபுல் லெங்த் டையில் (முழுக் கூட்டையும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) முழுதாகச் சுருக்க வேண்டும். தோள்பட்டை, அதாவது கழுத்துக்குக் கீழே கூடு சரியும் இடம், சுட்ட கூட்டில் இருந்ததைவிட 0.003 முதல் 0.005 அங்குலம் பின்னால் போயிருக்க வேண்டும். டையின் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி பிரஸ்ஸில் திருகிவிட்டுப் போகாதீர்கள். கூட்டின் அளவைச் சரிபார்க்கும் கேஸ் கேஜ் ஒன்று வாங்கி ஒவ்வொரு கூட்டையும் அதில் போட்டுப் பாருங்கள். கூட்டின் நீளம் 2.494 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் 2.484க்கு வெட்டிவிடுங்கள். முழுத் தோட்டாவின் நீளம் அதிகபட்சம் 3.340 அங்குலம்.

கராண்ட் பித்தளையை முரட்டுத்தனமாக இழுத்து எறியும். ஒவ்வொரு முறை சுட்டுச் சுருக்கும்போதும் கூடு அடிப்பக்கம் மெலிந்துகொண்டே வரும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கி போல வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே சுவரோடு இழுத்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் மாட்டினால், அடுத்த முறை கூடு அந்த இடத்தில்தான் இரண்டாகும். வெளியே அதே இடத்தில் பளபளவென்று ஒரு வளையமும் தெரியலாம். தயங்காமல் நசுக்கிப் போடுங்கள். வளையம் இல்லாவிட்டாலும் நான் ஒரு கூட்டை நான்கு முறைக்கு மேல் பயன்படுத்துவதில்லை. பித்தளை விலை எனக்கும் தெரியும், ஆனால் கண் அதைவிட விலை அதிகம்.

சரி, மருந்துக்கு வருவோம். உங்கள் வேட்டைத் தோட்டாக்களை நான் வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம். கனமான குண்டுக்கு மெதுவாக எரியும் மருந்து போடுவது போல்ட் ரைபிளில் வழக்கம். கராண்டில் வாயுத்துளை குழலின் முனையருகே இருக்கிறது. மெதுவான மருந்து அங்கே போய்ச் சேரும்போதும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். அது ஆபரேட்டிங் ராடை வளைத்துவிடும். ஐஎம்ஆர் 4895 போல நடுத்தர வேகத்தில் எரியும் மருந்தும், 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) எடையுள்ள குண்டும்தான் இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துப்போகும். மருந்தளவை நான் இங்கே சொல்லப் போவதில்லை, வேறு யார் வாய்வழியாகச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹார்னடி கையேட்டில் கராண்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, சாதாரண .30-06 பகுதியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். குண்டைப் பொருத்துவதற்கு முன் எல்லாக் கூடுகளையும் வரிசையாக நிறுத்தி, விளக்கடியில் மருந்து ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

ரேஞ்சில் முதல் நாள் கிளிப்பில் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு) எட்டுத் தோட்டாக்களையும் ஏற்ற வேண்டாம். ஒற்றைத் தோட்டாவைக் கையால் சேம்பரில் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) வைத்து அதன் மேல் போல்டை விடவும் கூடாது. கிளிப்பிலிருந்து தோட்டாவை உருவும்போதுதான் போல்டின் வேகம் கொஞ்சம் தணியும். தோட்டாவை நேரடியாகச் சேம்பரில் வைத்தால் அந்தத் தணிப்பு இல்லை. கிளிப்பில் இரண்டு மட்டும் போட்டு, குழலை இலக்கு நோக்கி வைத்தபடி போல்டை விடுங்கள். கண்ணாடியும் காது மூடியும் அதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும். முதல் தோட்டாவின் சத்தம் மந்தமாக இருந்தாலோ, இரண்டாவது தானாக ஏறாவிட்டாலோ, அடுத்ததைச் சுடாதீர்கள். குழலை இலக்கை விட்டுத் திருப்பாமல் முப்பது விநாடி பொறுத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு, குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் கீழே விழுந்த இரண்டு கூடுகளையும் பொறுக்கி வந்து, அன்றைக்கே பேப்பர் கிளிப் விட்டுப் பாருங்கள்.