ஐந்தாவது மூவில் கை தானாக டி5-க்குப் போகிறதா?

கேள்வி: மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நாகர்கோவில், தக்கலை என எங்கே செஸ் போட்டிக்குப் போனாலும், கருப்புக் காய் கிடைத்தால் சீக்கிரமே தோற்றுவிடுகிறாள். ஸ்கோர் ஷீட் அனுப்பியிருக்கிறேன். இ4-க்குப் பதிலாக இ5 ஆடுவதை விட்டுவிட்டு சிசிலியன் (சி5 ஆடும் தொடக்கம்) கற்றுக்கொடுக்கலாமா?
- ஒரு தந்தை, மார்த்தாண்டம்

பதில்: சிசிலியன் இப்போது வேண்டாம். ஷீட்டைப் பார்த்தால் தவறு ஓப்பனிங்கில் இல்லை, ஒரே ஒரு மூவில்தான் இருக்கிறது.

இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6 (காயின் பெயர் சொல்லாத இடத்தில் சிப்பாய்). இதற்கு 'டூ நைட்ஸ்' என்று பெயர். வெள்ளை நான்காவது மூவில் குதிரையை ஜி5-க்கு ஏற்றி எஃப்7-க்குக் குறி வைக்கிறது. பிள்ளை டி5 ஆடித் தடுத்தது சரி. வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டியதும் குதிரையால் திருப்பி வெட்டினாள் பாருங்கள், அங்கேதான் வினை. எஃப்7-இல் குதிரையைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கிறார்கள். எஃப்3-இல் ராணி செக். அதே ராணி டி5 குதிரையையும் பார்க்கிறது. குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு வந்தால், சி3-இல் இன்னொரு குதிரை வந்து நிற்கும். டி5 குதிரை விலகினால் ராஜாவுக்கு செக் என்பதால் அது அசைய முடியாமல் கிடக்க, மூன்று காய்கள் அதைத் தாக்கும். இதுதான் 'ஃபிரைட் லிவர்'. 1610 வாக்கில் இத்தாலிய வீரர் பொலேரியோ பெயரில் பதிவான ஆட்டத்திலேயே இது இருக்கிறது. கம்ப்யூட்டர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், கடிகாரம் ஓடும்போது சின்னப் பிள்ளைக்குக் கஷ்டம்.

திருப்பி வெட்டாமல் சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தச் சொல்லுங்கள். பிஷப் பி5-இல் செக் வைத்தால் சி6. அதை வெட்டினால் பி சிப்பாயால் திருப்பி வெட்டலாம். ஒரு சிப்பாய் குறைவுதான். ஆனால் பிஷப் பின்வாங்கியதும் எச்6, அப்புறம் இ4 என்று குதிரையை விரட்டிக்கொண்டே நம் காய்களை இறக்கலாம். ஓர் எச்சரிக்கை: பிஷப் பின்வாங்காமல் ராணி எஃப்3-க்கு வந்தால், பிஷப்பை வெட்ட அவசரப்படக் கூடாது. ஏ8 யானை போய்விடும். முதலில் யானையை பி8-க்கு நகர்த்த வேண்டும். இந்த நகர்வு வரிசையை வெறுமனே ஒப்பிக்க விடாமல், வெள்ளையாக நீங்கள் உட்கார்ந்து ஆடிக் காட்டுங்கள்.

அடுத்த போட்டி இந்த ஞாயிறே என்றால், மூன்றாவது மூவில் குதிரைக்குப் பதில் பிஷப்பை சி5-இல் வைக்கட்டும். அப்போது ஜி5-க்கு வரும் குதிரையை ராணியே வெட்டிவிடும். உடனே டி4 ஆடி ராணியைத் தாக்குவார்கள். பயப்படாமல் ஜி2 சிப்பாயையும் வெட்டலாம்.