ஆசையாகக் கவ்வும் ஜாக்கி

கேள்வி: எங்கள் லாப்ரடார் ஜாக்கிக்கு 9 மாதம் ஆகிறது. யாரிடமும் உறுமியதுகூட இல்லை. ஆனால் சாயங்காலம் சங்கிலியை அவிழ்த்ததும் பாய்ந்து வந்து கையைக் கவ்வுகிறான், அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறான். என் கணவர் தரையில் உட்கார்ந்து கையாலேயே அவனோடு மல்லுக்கட்டி விளையாடுவார். போன வாரம் 6 வயது மகளின் கையில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது. நம் வீட்டு நாய்தானே என்று மஞ்சள் வைத்தோம். யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் அத்தை. வாயில் இரண்டு அடி போட்டால் திருந்துவானா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் மகளைப் பற்றிப் பேசிவிடுவோம், ஜாக்கி அப்புறம். இதைப் படித்ததும் அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நாளாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஜாக்கியின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள், அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்பதையும் சொல்லுங்கள். குழந்தைக்கு ஊசி தேவையா என்று டாக்டர் முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம்தான். ரேபிஸ் எச்சில் வழியாகப் பரவுகிற நோய். தோல் கிழிந்து எச்சில் பட்ட பிறகு, நாய் ஆசையில் கவ்வியதா கோபத்தில் கடித்ததா என்ற வித்தியாசமே கிடையாது. இனி எப்போது பல் பட்டுக் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஜாக்கிக்கு ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசியும் தவறக் கூடாது.

இப்போது ஜாக்கிக்கு வருவோம். லாப்ரடார், வேட்டையில் சுட்ட பறவையை வாயில் கவ்விக் கொண்டுவந்து கொடுப்பதற்காகவே வளர்த்தெடுத்த இனம். சந்தோஷம் வந்தால் அவன் வாயில் ஏதாவது இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது உங்கள் கை. எவ்வளவு அழுத்திக் கவ்வலாம் என்பதைக் குட்டிகள் தம்மோடு பிறந்த குட்டிகளிடம்தான் கற்கின்றன. ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விலகிப்போகும், விளையாட்டு நின்றுவிடும். 8 வாரம்கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்றுவிட்டால் அந்தப் பழக்கம் அரைகுறையாகவே நிற்கும். பல் முளைக்கிற அரிப்பு, தானாகப் போய்விடும் என்று காத்திருக்கவும் முடியாது. 9 மாதத்தில் 42 நிரந்தரப் பற்களும் வந்திருக்கும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்தச் சங்கிலிதான். பகல் முழுக்கக் கட்டிப்போட்ட இளம் நாய் சாயங்காலம் அவிழ்த்ததும் பாயாமல் என்ன செய்யும்? அத்தனை நேரத்துத் தவிப்பும் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறது. காலையில் தார்ச்சாலை சூடேறும் முன்பே அவனை நன்றாக நடத்திக் கூட்டிப் போங்கள், போகிற வழியில் நின்று மோப்பம் பிடிக்கவும் விடுங்கள். பகலில் கட்டிப்போடாமல், கேட்டைப் பூட்டிவிட்டுச் சுற்றுச்சுவருக்குள் உலாவ விட முடியுமா என்று பாருங்கள். கடித்து மெல்ல முழு கேரட் கொடுக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு கூடாது, அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

அடுத்தது உங்கள் கணவர். அவர் மனம் நோகாமல், ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: கையால் மல்லுக்கட்டுவது இன்றோடு முடிந்தது. அப்பா கையைக் கவ்வலாம், பாப்பா கையைக் கவ்வக் கூடாது என்று பிரித்துப் பார்க்க நாய்க்குத் தெரியாது. ஒருவர் அனுமதித்தால் எல்லோரும் அனுமதித்தது போலத்தான். விளையாட ஆசை என்றால் ஒரு தடித்த பருத்திக் கயிறை வைத்துக்கொள்ளட்டும். ஒரு முனை அவரிடம், மறுமுனை ஜாக்கியிடம். அவிழ்த்துவிடும் முன்பே அந்தக் கயிறை அவன் வாயில் கொடுத்துவிடுங்கள். வாய் நிறைந்திருந்தால் கையைத் தேட மாட்டான்.

அப்படியும் பல் கையில் பட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுத்தால் துரத்திப் பிடிக்கத் தோன்றும், தோலும் கிழியும். கையை அசைக்காமல் வைத்திருங்கள். பிடி தளர்ந்ததும் எழுந்து, பேசாமல், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், கதவுக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து, நான்கு காலும் தரையில் இருந்தால் தடவிக் கொடுங்கள். மறுபடி கவ்வினால் மறுபடி போய்விடுங்கள். முதல் சில நாட்கள் முன்பைவிட அதிகமாகவே கவ்வுவான். இதுவரை பலித்த வழி ஏன் பலிக்கவில்லை என்று முயன்று பார்ப்பான். அந்த நாட்களில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் பிறகு இரட்டிப்புச் சிரமம்.

அடி மட்டும் வேண்டவே வேண்டாம். அடிப்பதையும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் துள்ளுகிற நாய்கள் உண்டு. கை நீண்டாலே அடிதான் என்று பயந்து, பயத்தில் நிஜமாகவே கடிக்கத் தொடங்குகிற நாய்களும் உண்டு. தடவ வரும் குழந்தையின் கையும் அவனுக்குக் கைதானே!

மகளிடம் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: ஜாக்கி துள்ளினால் ஓடவோ கத்தவோ கூடாது, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். பெரியவர் யாரும் கூட இல்லாமல் இருவரையும் தனியே விடாதீர்கள். அத்தை சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வயதானவர்களின் தோல் மெலிது, காயம் ஆறவும் நாளாகும். ஜாக்கி அடங்கும் வரை சாயங்காலங்களில் அத்தைக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மூடிய கதவு இருக்கட்டும். பிறகு அவன் சாந்தமாக உட்கார்ந்திருக்கும்போது அத்தை கையால் பிஸ்கட் கொடுக்கச் சொல்லுங்கள்.

கொடுத்துவிடுகிற பேச்சை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இரண்டு மாதம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டு பாருங்கள். அதற்குள் உடம்பு விறைத்து நின்று முறைக்கிறான், சாப்பாட்டுத் தட்டருகே போனால் உறுமுகிறான் என்றால் அது வேறு விஷயம், ஆசையில் கவ்வுவது இல்லை. அப்போது காத்திருக்க வேண்டாம். உறுமியதற்காகத் திட்டவும் வேண்டாம். கால்நடை மருத்துவரிடம் காட்டி வலி, நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடிக்காமல் பழக்குகிற பயிற்சியாளர் ஒருவரை அவரிடமே கேட்டு அழைத்துக்கொள்ளுங்கள்.