மாடித்தோட்டம் கேள்வி–பதில்: இரவில் பழத்தைத் தின்றது யார்?

கொய்யாவும் சப்போட்டாவும் பழுக்கத் தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை முக்கால்வாசி இரவுத் திருட்டைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகச் சொல்லியிருக்கிறேன்.

200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி அதில் லக்னோ 49 கொய்யா வைத்திருக்கிறேன். பழம் கனிகிற அன்றே காணாமல் போகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சக்கையும் விதையும் கிடக்கின்றன. எலிக்கு என்ன மருந்து வைக்கலாம்? – வாசகர், விழுப்புரம்

எலியே இல்லை, மருந்துக்கு ஏன் பறக்கிறீர்கள்? இது பழந்தின்னி வௌவாலின் வேலை. அதிலும் ஊருக்குள் திரியும் சின்ன வகை. பறித்த இடத்தில் உட்கார்ந்து தின்னாது. கவ்விக்கொண்டு போய், ஒதுக்குப்புறமாகத் தலைகீழாகத் தொங்கி, சதையை அண்ணத்தில் அழுத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். நீங்கள் பார்த்த சக்கையில் ஒன்றைக் குச்சியால் புரட்டிப் பாருங்கள். தட்டையாக, அண்ணத்து வரிகள் பதிந்த அச்சோடு இருக்கும். எலி அப்படித் துப்பாது. கிளையில் தொங்கும் பழத்தையே குடைந்து, தோலை ஓடு மாதிரி விட்டுவிட்டுப் போகும். விளிம்பில் உளிப்பற்களின் இரட்டைத் தடம் தெரியும். மரநாய் வந்திருந்தால் கைப்பிடிச் சுவரின் மேல் விதை நிறைந்த எச்சம் கிடக்கும். மாலை ஆறு மணிக்கு ஒரு முறையும் காலை ஆறு மணிக்கு ஒரு முறையும் மரத்தைப் பார்த்தால் அணிலையும் கிளியையும் இரவுக் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள்.

காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணியில் பை தைத்துக் கட்டுங்கள். பையின் வாய் காம்பில் அல்ல, அதற்கு மேலே உள்ள கிளையில் கட்டப்பட வேண்டும். பழ ஈயும் அதோடு நின்றுபோகும். பாலித்தீன் பை வேண்டாம். நம் வெயிலில் உள்ளே வியர்த்துக் காய் அழுகும். பைக்குச் சோம்பல் என்றால், கரும்பச்சை வெளிறி மஞ்சள் தட்டும்போதே பறித்துவிடுங்கள். வீட்டுக்குள் இரண்டு மூன்று நாளில் கனிந்துவிடும்.

வௌவால் கடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாமா? – வாசகி, திருவாரூர்

கூடாது. கேரளத்தில் 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா பரவியது நினைவிருக்கும்; அந்த வைரஸ் இயற்கையில் தங்கியிருப்பது பழந்தின்னி வௌவால்களிடம்தான். பல் பட்டதைக் குழியில் போட்டு மூடுங்கள். பல் படாததைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள். இதைப் படித்துவிட்டு வௌவாலைக் கல்லால் அடிக்கக் கிளம்ப வேண்டாம். இலுப்பைக்கும் இலவத்துக்கும் மகரந்தம் சேர்ப்பது அதுதான்.

மீயொலி எழுப்பும் கருவி ஒன்றை இணையத்தில் 1,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். சி.டி. தகடுகளும் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டுமே பலிக்கவில்லை. ஏன்? – வாசகர், அம்பத்தூர்

எதிரொலி கேட்டுப் பறப்பவை பூச்சி தின்னும் சிறு வௌவால்கள். உங்கள் மரத்துக்கு வரும் பழந்தின்னி கண்ணையும் மூக்கையும் நம்பி வருகிறது; கருவியின் ஒலி அதன் வழியைக் குழப்பாது. சி.டி. தகடு வெயிலில் பளபளக்கும். இருட்டில் எதைப் பிரதிபலிக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் கயிறாவது மிச்சம்.

மீன்பிடி துறைமுகத்தில் பழைய நைலான் வலை மலிவாகக் கிடைத்தது. தொட்டியில் உள்ள சப்போட்டா, மா இரண்டின் மேலும் போர்த்திவிட்டோம். ஒரு வௌவால் சிக்கிச் செத்துவிட்டது. வேறு எந்த வலை நல்லது? – வாசகி, நாகப்பட்டினம்

வேறு வலையைப் பற்றிப் பிறகு பேசலாம். மேலே கிடப்பதை இன்று பொழுது சாய்வதற்குள் கழற்றுங்கள்.

இதை இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இன்னும் மாதம் தவறாமல் யாராவது மீன் வலையோடு வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியக் கூடாது, மாட்டியது தப்பக் கூடாது என்பதற்காகவே அந்த இழையைச் செய்திருக்கிறார்கள். மரத்தின் மேல் போட்டால் மட்டும் அது குணம் மாறிவிடுமா? வௌவாலின் இறக்கை என்பது நீண்ட விரல்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். பெருவிரலில் கொக்கி மாதிரி ஒரு நகம். முதலில் அந்த நகம் வலைக்கண்ணில் மாட்டும். உதறும்போது தோல் இழையைச் சுற்றிக்கொள்ளும். மேலும் உதற, இழை தோலை அறுத்துக்கொண்டு எலும்பு வரை இறங்கும். கடித்து விடுபடப் பார்த்து விடிவதற்குள் வாயும் கிழிந்திருக்கும். உங்கள் வீட்டு வௌவால் செத்தது இப்படித்தான். அதே வலையில் சாரைப்பாம்பும் கூகையும் சிக்கும். இரண்டும் உங்கள் எலியைத் தின்ன வருபவை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலை காசு வாங்காத காவல்காரர்களைக் கொல்கிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதற்குச் சட்டமே இருக்கிறது. வீட்டுப் பழமரங்களுக்குப் போடும் வலையின் கண், முழுதாக இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மி.மீ.க்கு 5 மி.மீ. என்ற அளவுக்கு மிகாமல் இருக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. அங்கே சொல்லும் சோதனை எளியது: விரல் நுழைந்தால் அந்த வலை ஆகாது. கடையில் அளவுகோல் கேட்டு நிற்காமல் விரலை நீட்டிப் பாருங்கள்.

பசுமைக்குடில் சாமான்கள் விற்கிற கடைகளில் வெள்ளை நிறப் பூச்சி வலை மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை வாங்குங்கள். வெள்ளை இருட்டிலும் ஓரளவு தெரியும். கண் சிறியது, நகம் மாட்டாது. பச்சை நிழல் வலை வேண்டாம், வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். எந்த வலையானாலும் மரத்தின் மேல் நேரடியாகப் போர்த்தாதீர்கள். அரை அங்குல பி.வி.சி. குழாயில் கூண்டு கட்டி, அதன் மேல் தளர்வே இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள். தட்டினால் விறைப்பாக நிற்க வேண்டும். பழத்துக்கும் வலைக்கும் நடுவே ஒரு அடியாவது இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் வெளியே தொங்கியபடியே வலையோடு சேர்த்துக் கடிக்கும். கீழ்முனையை டிரம்மின் விளிம்போடு சுற்றிக் கட்டுங்கள். பூத்திருக்கும்போது வலை போட்டுவிட்டு "காய் பிடிக்கவில்லை" என்று எனக்கு எழுதாதீர்கள். தேனீ எப்படி உள்ளே போகும்? பிஞ்சு நின்ற பிறகு போடுங்கள்.

எதுவாவது சிக்கியிருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். கனமான துண்டால் தலையோடு மூடி, கையுறையோடு இழையை வெட்டுங்கள், இழுக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாதுளையில் இரவோடு இரவாக வௌவால் ஊசி குத்தியது போல ஓட்டை போடுகிறது. ஓட்டையைச் சுற்றி அழுகிப் பழம் விழுகிறது. – வாசகர், திண்டுக்கல்

வௌவாலுக்கு ஊசி கிடையாது. இது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. இருட்டிய பிறகு டார்ச் விளக்கோடு போய்ப் பாருங்கள், பழத்தின் மேல் உட்கார்ந்திருக்கும்; பின்னிறக்கை ஆரஞ்சு நிறத்தில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். இதன் புழு மாதுளையைத் தொடாது, சீந்தில் கொடியில் வளரும். நீங்களே கடிதத்தின் கடைசியில் "மருந்துக்காகச் சீந்தில் கொடியும் படரவிட்டிருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொடியை எடுங்கள், அல்லது இலையைப் புரட்டிப் புழுவைப் பொறுக்குங்கள். மாதுளையைப் பறித்து வைத்தால் கொய்யா போலக் கனியாது. மரத்திலேயே முதிர வேண்டும். ஆகவே துணிப்பைதான் வழி.

கொல்லைப்புறத்தில் தொட்டிகளைத் தினமும் இரவில் எதுவோ தோண்டி மண்ணை வாரிப் போடுகிறது. வேர் வெளியே தெரிகிறது. எலும்புத்தூள், மீன் அமிலம், கடலைப்பிண்ணாக்குக் கரைசல் எல்லாம் தவறாமல் கொடுத்து வருகிறேன். – வாசகி, ஈரோடு

பந்தி விரித்து இலையும் போட்டுவிட்டு, யார் வருகிறார்கள் என்று கேட்கிறீர்கள். பெருச்சாளிதான், தெருநாயும் இருக்கலாம். எலும்புத்தூளை மேலே தூவாமல் தொட்டி நிரப்பும்போதே அடிமண்ணில் கலந்துவிடுங்கள். மீன் அமிலத்தைக் காலையில் ஊற்றுங்கள், மாலையில் வேண்டாம். கடலைப்பிண்ணாக்கை நிறுத்திவிட்டு வேப்பம்பிண்ணாக்குக்கு மாறுங்கள். மேல்மண்ணில் கம்பி வலையை வட்டமாக வெட்டித் தண்டுக்கு வழிவிட்டுப் பதித்து, மேலே கூழாங்கல் பரப்பிவிடுங்கள்.

எலிதான், நிச்சயமாக எலி, கண்ணால் பார்த்தேன். துணிப்பையையும் கடித்துவிடுகிறது. தென்னைக்குக் கட்டுவது போலத் தண்டில் தகரம் கட்டலாமா? அல்லது விஷம்தானா? – வாசகர், மயிலாப்பூர்

பார்த்துவிட்டு எழுதியதற்கு நன்றி. தென்னைக்குத் தகரம் ஆறடிக்கு மேலே கட்டுவது. தொட்டி மரத்தின் தண்டே ஒரு அடிதான். எலி நின்ற இடத்திலிருந்து இரண்டரை அடி எம்பும், தகரத்தைத் தாண்டிக் கிளைக்குப் போய்விடும். தொட்டியை மூன்றடி உயர இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, கால்களுக்கு வழவழப்பான பி.வி.சி. குழாய் மாட்டுங்கள். கைப்பிடிச் சுவர், துணிக்கொடி, கேபிள் ஒயர் எதிலிருந்தும் நான்கைந்து அடி தள்ளி நிற்கட்டும். சுவரைத் தொடும் ஒரே ஒரு கிளை இருந்தாலும் இவ்வளவும் வீண். அதுவும் முடியாவிட்டால் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சுருட்டிக் கூடு செய்து பழத்துக்குப் பழம் மாட்டுங்கள். சுண்டெலியும் உண்டென்றால் கால் அங்குலம்.

விஷம் வேண்டாம். புரோமடியலோன் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைத்தான் கூகை முதலில் தூக்கும். ஒரு கூகைக் குடும்பம் பக்கத்தில் இருந்தால் இரவுக்கு இரண்டு மூன்று எலி கணக்குத் தீரும். அதைக் கொன்றுவிட்டு அப்புறம் ஆயுள் முழுக்க மருந்துக் கடைக்கு நடக்க வேண்டியதுதான். பசை அட்டையும் வேண்டாம், அரணைதான் ஒட்டிக்கொண்டு துடிக்கும். தேங்காய்க் கீற்று வைத்த கூண்டுப்பொறி போதும்.

எங்கள் மரத்தை ஏதோ விலங்கு நாசம் செய்கிறது. உடனடியாக மருந்து சொல்லவும். – பெயரும் ஊரும் இல்லை

மரத்தின் பெயரும் இல்லை. மருந்தும் இல்லை.

மரநாய் இரவில் கேபிள் வழியாக மாடிக்கு வந்து பப்பாளியைத் தின்கிறது. விஷம் வைக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். – வாசகர், திருநெல்வேலி

அவருக்கு ஜாமீன் எடுக்க நீங்கள் போவீர்களா? மரநாய்க்குக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972 பாதுகாப்புத் தருகிறது. முன்பு அதே சட்டத்தில் எலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர் என்று தனிப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். பப்பாளியில் முதல் மஞ்சள் கீற்று விழுந்ததும் பறித்துவிடுங்கள். மழைநீர்க் குழாயில் இரண்டடி அகலத்துக்கு வழுக்குத் தகரம் சுற்றுங்கள். கேபிளை மரத்தின் பக்கமிருந்து தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். மாடியில் நாய்ச்சோறு, பூனைச்சோறு வைக்கும் பழக்கம் இருந்தால் இரவில் எடுத்துவிடுங்கள்.

மழைக்குப் பிறகு பெரிய நத்தைகள் இரவில் ஏறித் தொட்டி நாற்றுகளின் தோலையே உரித்துத் தின்கின்றன. உப்புப் போடலாமா? – வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

தொட்டிக்குள் உப்பு போட்டால் நத்தைக்கு முன்னால் மரம் போய்விடும். இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847இல் கல்கத்தாவுக்கு ஒருவர் கொண்டுவந்து விட்டது, இன்று வரை நாம் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம். நனைத்த சாக்கை மாலையில் விரித்து, அடியில் பப்பாளி இலையைப் போட்டுவையுங்கள். விடியற்காலையில் மொத்தமும் அங்கே இருக்கும். கையுறையோடு பொறுக்கி, வாளியில் உப்புக் கரைசலில் போடுங்கள். வெறுங்கை கூடவே கூடாது. மூளையைத் தாக்கும் புழுவை இது சுமந்து திரியும். வீட்டில் நாய் இருந்தால் நத்தையைக் கொல்லப் போடும் மெட்டால்டிஹைடு குருணையைத் தொடவே வேண்டாம்.

வாழைக்கு யானை வருகிறது. வலை எது நல்லது? – வாசகர், கோவை தடாகம்

யானைக்கு வலை இல்லை. குலையை முற்றுமுன் வெட்டி உள்ளே வையுங்கள், இரவில் வெளியே வராதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். விரட்ட வெடி போடாதீர்கள்.

சப்போட்டா முதிர்ந்ததா என்று தெரியவில்லை. தெரிவதற்குள் வௌவால் தெரிந்துகொள்கிறது. – வாசகர், கடலூர்

காய்மேல் உள்ள பழுப்புத் தூள் தொட்டால் உதிர வேண்டும். நகத்தால் லேசாகக் கீறுங்கள். பச்சை தெரிந்து பால் வடிந்தால் விட்டுவிடுங்கள், மஞ்சள் தெரிந்தால் அன்றே பறித்து அரிசிக்குள் புதையுங்கள். நான்கிலிருந்து ஏழு நாள் ஆகும். கீறிய காயை மரத்திலேயே விட்டால் அதன்மேல் பை மாட்ட மறக்காதீர்கள்.