பதிப்பாளர் யாரிடம் விற்கிறார்?

கேள்வி: அண்மையில் நீங்கள் படித்தது என்ன? மேலூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளை வைத்து நான் 260 பக்கத்தில் ஒரு நாவல் எழுதியிருக்கிறேன். வெளியிட 65,000 ரூபாய் கேட்கிறார் ஒரு பதிப்பாளர். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண் வாங்கும் செலவு 3,000 ரூபாயும் அதில் அடக்கம். புத்தகத்துக்கு 300 ரூபாய் விலை வைத்து, எனக்கு 200 பிரதிகள் தருவாராம். மதுரைத் தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் நிற்க இடமில்லை. பதிப்பாளர்களோ நஷ்டம் என்கிறார்கள். எதை நம்புவது? பணம் கொடுக்கலாமா?
(ஒரு வாசகர், மேலூர்)

பதில்: உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நூலை மறுபடி எடுத்திருக்கிறேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் அவர் மறைவோடு நின்றுபோனது. ஏடு தேடி அவர் ஊர் ஊராக அலைந்த கதை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டதால் எல்லோருக்கும் தெரியும். அச்சுக்குப் பணம் தேடி அலைந்த பக்கங்களைத்தான் நம்மவர்கள் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. அது வருவதற்கு முன்பே, புத்தகத்தை வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களிடம் கையொப்பம் சேர்த்தார் ஐயர். அச்சாகாத புத்தகத்துக்குப் பணம் கேட்பது அன்றும் நடந்திருக்கிறது. ஆனால் அவர் கேட்டது படிக்கப் போகிறவர்களிடம். உங்கள் பதிப்பாளர் கேட்பது எழுதியவரிடம்.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். சொற்பொழிவுக்காக மதுரைக்கு வந்த பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவருக்குக் கம்பராமாயணமும் திருக்குறளும் இங்கே கிடைக்கவில்லை என்றும், அந்த மனக்குறையில்தான் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினார் என்றும் சொல்வார்கள். ஆ. சிங்காரவேலு முதலியாரின் பிரம்மாண்டமான கலைக்களஞ்சியம் அபிதான சிந்தாமணி 1910-இல் அந்தச் சங்கத்தின் வெளியீடாகத்தான் வந்தது. அங்கே செலவு புரவலருடையது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் இருந்த புத்தகக் கடைக்காரர்களுக்குப் புரவலரும் கிடையாது, கையொப்பமும் கிடையாது. இ.மா. கோபாலகிருஷ்ணக் கோன் போன்றவர்கள் புராணமும் நீதி நூலும் அச்சிட்டு, கோயிலுக்கு வருகிற ஜனத்திடம் விற்றார்கள். விற்காததை மறுமுறை அச்சிட மாட்டார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய இலக்கியக் கொள்கை. சில பேராசிரியர்களின் கொள்கையைவிட அது நேர்மையானது என்பது என் எண்ணம். எழுதியவரே கைக்காசு போட்டு அச்சிட்டதும் அந்தக் காலத்தில் உண்டு. ஆனால் அப்போது பதிப்பாளரும் அவர்தான். விற்று வந்த காசும் அவருக்குத்தான்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். 65,000 ரூபாயை 200 பிரதிகளால் வகுத்தால் பிரதிக்கு 325 ரூபாய். கடையில் யார் வேண்டுமானாலும் 300 ரூபாய்க்கு வாங்கக்கூடிய புத்தகத்தை, எழுதிய நீங்கள் 25 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறீர்கள். புத்தகத் திருவிழாவில் வழக்கமான 10 சதவீதத் தள்ளுபடியோடு என்றால் 270 ரூபாய்க்கே கிடைத்துவிடும். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு இந்தியாவில் கட்டணமே இல்லை. மத்திய அரசின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது. அந்த 3,000 ரூபாய் எதற்கு என்று அவரிடமே கேளுங்கள்.

நஷ்டம் என்று அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அதே 300 ரூபாயில் கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு என்று வையுங்கள்: 105 ரூபாய் போயிற்று. எழுத்தாளருக்கு 10 சதவீத உரிமைத்தொகை 30 ரூபாய். மீதி 165 ரூபாயில் தாள், அச்சு, பைண்டிங், மெய்ப்பு, அட்டைப்படம், லாரிக் கூலி எல்லாம் அடங்க வேண்டும். விற்காமல் அடைந்து கிடக்கும் பிரதிகளின் நஷ்டமும் அதற்குள்தான். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, தாளுக்கு உண்டு. விற்பனையில் வரியே இல்லாததால், தாளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. நேர்மையாகத் தொழில் செய்கிற பதிப்பாளர் மூச்சு வாங்குவதில் வியப்பில்லை.

பொது நூலகங்களுக்காக அரசு மொத்தமாகப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை இருக்கிறதே என்பீர்கள். விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான், 1948-இல். சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியில்தான் கிராமத்து நூலகம் வரை புத்தகம் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பக்கக் கணக்குப் பார்த்து விலை கொடுத்துவந்த ஒரே பெரிய கொள்முதல்காரரை நம்பி ஒரு தொழிலே நடந்தால் என்ன ஆகும்? எழுத்தைப் பெரிதாக்கி, ஓரத்தை அகலமாக்கி, நூறு பக்கக் கட்டுரையை நூற்றைம்பது பக்கமாக ஊதி அனுப்பினார்கள். ஆணை தாமதமானால் தலையில் கை வைத்தார்கள். வாசகனை மறந்தது அங்கே தொடங்கியது. அடுத்த படியாகத்தான் எழுத்தாளரிடம் கை நீட்டியிருக்கிறார்கள்.

பணம் வாங்கியவுடன் அவருக்கு வியாபாரம் முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். சமைத்தவனிடமே சாப்பாட்டுக் காசை வாங்கிவிட்ட ஓட்டலில் இலைக்கு முன்னால் ஆள் உட்கார்ந்தால் என்ன, உட்காராவிட்டால் என்ன? உங்கள் நாவலில் நாற்பது பக்கம் தேவையில்லை என்று அவர் சொல்லப் போவதில்லை. வாடிக்கையாளரிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஒற்றுப்பிழை பார்க்க ஆள் வைக்க மாட்டார். விழுப்புரத்துக் கடைக்கு ஐந்து பிரதி அனுப்பிப் பணத்துக்காக ஆறு மாதம் தொங்க மாட்டார். வெளியீட்டு விழாப் பொன்னாடையை மட்டும் நிச்சயம் போர்த்துவார். அதற்கும் நீங்கள்தான் செலவு செய்திருப்பீர்கள்.

தமுக்கத்துக் கூட்டம் உண்மைதான். ஆனால் மாலையில் அரங்குகளுக்குள் இருப்பதைவிட மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம் பெரிது என்றே எனக்குத் தோன்றும். 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அவர்களெல்லாம் நாவல் வாங்குவார்கள் என்று கணக்குப் போடுவது தவறு. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் கடிதத்தில் உங்கள் நாவல் இருக்கிறது, விலை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. நீங்கள் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கிய இன்னொருவருடைய நாவல் எங்கே?

பணம் கொடுக்காதீர்கள். நான்கு பதிப்பகங்களுக்குப் பிரதியை அனுப்பிக் காத்திருங்கள். யார் ஏற்றாலும் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் பிரதியின் உரிமையை விட வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, நீங்கள் கையெழுத்திட்ட ஆவணம் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. அதில் கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். உரிமைத்தொகை எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். ‘நமக்குள் எதற்கு ஒப்பந்தம்’ என்று தோளில் கை போடுகிறவரிடமிருந்து அன்றைக்கே பிரதியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

யாரும் ஏற்கவில்லை, அச்சில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் இப்போது நூறு பிரதி மட்டும் அச்சிட்டுத் தரும் அச்சகங்கள் இருக்கின்றன. அச்சுக்கூலியை மட்டும் கொடுத்து நீங்களே பதிப்பாளராகுங்கள், ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கும் உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் டெல்லி, மும்பை நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். தபால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.