கல்யாணப் பந்தியில் காது மெஷின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காது மெஷின் வாங்கிய இடத்தில் அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசுவதே புரியவில்லை என்கிறார். இதை முன்பே சோதித்திருக்க முடியாதா?

முடியும். பல இடங்களில் செய்வதில்லை. சத்தமில்லாத அறையில் எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசினால் எந்தக் கருவியும் நன்றாகத்தான் தோன்றும். பந்தியிலோ நாலாபுறப் பேச்சும் பாத்திரச் சத்தமும் சுவர் எதிரொலியும் சேர்ந்து 75 டெசிபலைத் தாண்டிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். பேசுபவர் உங்கள் அப்பாவுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் இருக்கிறார். திசை மைக், முன்னாலிருந்து வருவதை வைத்துக்கொண்டு பக்கத்தையும் பின்னாலையும் குறைக்கும்படி அமைந்தது. அதனால் பக்கத்து இலைக்காரரின் குரலையே அது குறைத்திருக்கக்கூடும். அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்) பேச்சைப் பக்கவாட்டு ஸ்பீக்கரிலும் ஒலிக்கவிட்டுச் சோதிக்கக் கேளுங்கள்.

கேள்வி: சிறிய கிளினிக். நிஜச் சூழல் போன்ற சத்தத்தை உருவாக்க எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்?

எட்டு போதும். 45 டிகிரிக்கு ஒன்றாக, ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் ஆரத்தில், உட்கார்ந்தவரின் காது உயரத்தில் வையுங்கள். அறையின் எதிரொலி குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பதிவிலுள்ள மண்டப எதிரொலியோடு உங்கள் அறையினுடையதும் சேர்ந்துகொள்ளும். தடித்த திரை, தரைவிரிப்பு, சுவரில் ஒலியுறிஞ்சிப் பலகை ஆகியவை பெருமளவு உதவும்.

அளவீட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. நாற்காலியில் ஆளில்லாமல், தலை இருக்கவேண்டிய இடத்தின் நடுவில் ஒலி அளவுமானியை நிறுத்துங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக இளஞ்சிவப்பு இரைச்சலை (எல்லா அதிர்வெண்களும் கலந்த, 'ஷ்ஷ்' என்ற சோதனை ஒலி) ஒலிக்கவிட்டு, எல்லாம் ஒரு டெசிபலுக்குள் ஒத்துவரும்வரை சரிசெய்யுங்கள். எட்டும் சேர்ந்தால் 9 டெசிபல் கூடும். மொத்தம் 70 வேண்டுமானால் ஒவ்வொன்றும் 61.

எட்டிலும் ஒரே ஒலிப்பதிவை ஒரே நேரத்தில் ஓடவிடவே கூடாது. அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் கணக்கையே கெடுக்கும், திசை மைக்கும் ஏமாறும். நீளமான பதிவு ஒன்றுதான் கையில் இருந்தால், ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் பல விநாடிகள் தள்ளித் தள்ளித் தொடங்குங்கள்.

கேள்வி: ஆம்பிசானிக்ஸ் பதிவுகளை (ஓரிடத்தின் ஒலியைச் சுற்றியுள்ள திசைகளோடு பதிவுசெய்தவை) அதே எட்டு ஸ்பீக்கரில் ஓட்டலாமா?

கேட்பவருக்குச் சூழலை உணர்த்த ஓட்டலாம். திசை மைக்கை மதிப்பிட வேண்டாம். கிடைத்தளத்தில் எட்டு ஸ்பீக்கர் மூன்றாம் வரிசைக்குத்தான் போதும் (வரிசை எண் கூடக் கூடத் திசைத் துல்லியம் கூடும்). அதில் தலையளவு பரப்புக்குள் ஒலிப்புலம் ஏறத்தாழ 1,800 ஹெர்ட்ஸ் வரையே சரியாக உருவாகும். சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு மைக்குகளின் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் கருவி திசையைக் கணிக்கிறது. மேல் அதிர்வெண்களில் அதற்குப் பொய்த் தகவலே போகும். சிட்னியின் தேசிய ஒலியியல் ஆய்வகம் 41 ஸ்பீக்கர்களை வைத்திருப்பது இதனால்தான். கிளினிக்கில் ஒரு குரலுக்கு ஒரு ஸ்பீக்கர் என்ற நேரடி முறையே நம்பகமானது.

கேள்வி: பேச்சுக்கும் இரைச்சலுக்கும் என்ன வித்தியாசம் வைப்பது?

0, +5, +10 டெசிபல் என மூன்று நிலைகளில் வையுங்கள் (+5 என்றால் பேச்சு இரைச்சலைவிட 5 டெசிபல் அதிகம்). பாதிச் சொற்கள் புரியும் அளவைத் தேடிப்போகும் வாக்கியச் சோதனைகள் எளிதில் குறை எண்ணுக்கு, அதாவது 0-க்குக் கீழே, இறங்கிவிடும். அன்றாட வாழ்வில் மனிதர்கள் அப்படிப்பட்ட இடத்தில் பேசிக்கொண்டிருப்பது அரிது. குரலை உயர்த்துவார்கள், கிட்ட வருவார்கள், இல்லையென்றால் பேச்சையே விட்டுவிடுவார்கள். கருவியின் நடத்தையும் மாறுகிறது. இரைச்சல் பேச்சைவிட ஓங்கியிருந்தால் இரைச்சல் குறைப்புக்குப் பேச்சு எது என்று பிடிபடாது. வேகமான ஒலிச் சுருக்கம் (மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குவது) +10-ல் வித்தியாசத்தைக் குறைக்கும், குறை எண்ணிலோ சற்றே கூட்டிக் காட்டும். -5-ல் வென்ற கருவி வீட்டில் தோற்பது இப்படித்தான்.

கேள்வி: ஐஎஸ்டிஎஸ் என்ற சர்வதேசப் பேச்சுச் சோதனை ஒலியில் தமிழே இல்லையே, அளவீட்டுக்குப் பயன்படுத்தலாமா?

காதினுள் மெல்லிய குழாய் வைத்து ஒலிப்பெருக்கத்தை அளக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆங்கிலம், அரபி, சீனம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் பேசும் பெண்களின் குரலைத் துண்டுதுண்டாகச் சேர்த்த 60 விநாடி ஒலி அது. 1994-ல் வெளியான பன்மொழி ஆய்வு, மொழிகளின் நீண்டகால சராசரி நிறமாலை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற சராசரி) பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டியது. சிங்களமும் அதில் இருந்தது. முதல் 15 விநாடிகளை விட்டு மீதி 45-ஐக் கணக்கில் எடுங்கள். கருவியின் தகவமைப்பு நிலைபெற அந்த நேரம் வேண்டும். தூய தொனியை (ஒரே அதிர்வெண் மட்டுமுள்ள ஒலி) வைத்து அளந்தால் கருவி அதை இரைச்சலென்றோ விசில் என்றோ எண்ணி அடக்கிவிடும்.

சொல் புரிகிறதா என்ற சோதனைக்கு மட்டும் தமிழ்ச் சொற்களே வேண்டும். 'பல்', 'பள்', 'பழம்' போன்ற ஒலி வேறுபாடுகளை வேறு மொழிச் சொற்களால் சோதிக்க முடியாது.

கேள்வி: ஸ்பீக்கருக்குப் பதில் கருவியின் மேலேயே ஹெட்ஃபோன் மாட்டலாமா?

வேண்டாம். காதின் பின்புறக் கருவிக்கு மைக் காது மடலுக்கு மேலே இருக்கிறது. ஹெட்ஃபோன் மூடினால் விசில் எழும், இரண்டு மைக்குகளுக்கும் வரும் ஒலியின் திசைத் தகவலும் அழிந்துவிடும். எட்டு ஸ்பீக்கருக்கு இடமில்லை என்றால் முன்னால் ஒன்று, பின்னால் இரு மூலைகளில் இரண்டு என மூன்றையாவது வையுங்கள்.